மேஜை ஆடக் கூடாது

அந்தத் தெருவில் அவனுக்குப் பெயர் பிரஷர். கடைப் பலகையில் வேறு என்னவோ எழுதியிருக்கிறது. அதை யாரும் படித்ததில்லை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் "பிரஷர்கிட்ட கொண்டு போ" என்பார்கள். கூடவே "எதிர்த்து மட்டும் பேசிடாதே" என்றும் சொல்லி அனுப்புவார்கள். சிலருக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும் என்போம். இவனுக்கு அங்கே நிற்கக்கூடப் பொறுமை கிடையாது, நேராகக் கைக்கு இறங்கிவிடும்.

ஒரு தடவை ஜெராக்ஸ் கடைக்காரர் ஒட்டிப்போன கீபோர்டு ஒன்றைக் கொண்டுவந்து, "நான் எதையும் கொட்டலைப்பா, அதுவா கெட்டுப் போச்சு" என்றார். கவிழ்த்தால் காபி சொட்டுகிறது. பிரஷர் அதை இரண்டு கையாலும் பிடித்து மேஜை விளிம்பில் ஓங்கி அடித்தான். எழுத்துகள் நாலா பக்கமும் தெறித்தன. ஒன்று ஜெராக்ஸ்காரரின் சட்டைப்பைக்குள்ளேயே போய் விழுந்தது. மனிதர் வாயைத் திறக்காமல் புதுக் கீபோர்டு வாங்கிக்கொண்டு போனார். அப்புறமும் இவனிடம்தான் வந்தார். ஆள் எப்படியோ, வேலை சுத்தம்.

கோபம் அவனுக்கு அப்பன் வீட்டுச் சொத்து. அப்பா வாயால் பேசியதைவிட பெல்ட்டால் பேசியதுதான் அதிகம். அம்மாவுக்கு விழும், இவனுக்கு விழும். தங்கச்சிக்கு விழவேண்டியதையும் இவனே குறுக்கே புகுந்து முதுகில் வாங்கிக்கொள்வான். மீசை அரும்பிய வயதில் ஒரு நாள் பெல்ட்டின் மறுமுனையைப் பிடித்து, அதை அப்பாவின் மணிக்கட்டிலேயே சுற்றி முறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த அறைவரை கேட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடி நின்றது. அன்றிலிருந்து அவனுக்குத் தன்னைப் பற்றி ஒரு முடிவு: கை நீட்டுகிறவனின் கையை ஒடிப்பவன் நான். வேலை பார்த்த கம்பெனியில் மேலதிகாரியை அறைந்துவிட்டு வெளியே வந்ததையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்து வைத்திருந்தான். இந்தக் கோபத்தோடு குடும்பம் நடத்த எந்தப் பெண்ணும் முன்வரவில்லை என்பதை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

தங்கச்சியை டைல்ஸ் கடைக்காரன் ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். "அவ மேல கை வச்சா ஒடிச்சிடுவேன் மாப்பிள்ளை" என்று கல்யாணத்தன்றே மாப்பிள்ளை தோளில் கை போட்டுச் சொன்னான். டைல்ஸ்காரன் சிரித்தான். அவன் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. கடையில் பெட்டி உடைந்தால்கூட லோடுமேனைத் திட்டமாட்டான், அமைதியாகச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வான். "மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்று பிரஷரே பலரிடம் சொல்லியிருக்கிறான். விடுமுறை நாட்களில் அங்கே போவான், தங்கச்சி கையால் சாப்பிடுவான், மச்சானும் மாப்பிள்ளையுமாக சோபாவில் சாய்ந்து மேட்ச் பார்ப்பார்கள். தனக்கு வாய்க்காத குடும்பம் தங்கச்சிக்காவது நன்றாக அமைந்ததே என்று நிம்மதியாகத் தெருவுக்குத் திரும்புவான்.

அந்தத் தங்கச்சி ஒரு நாள் மத்தியானம் கடைக்குள் நுழைந்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கீழுதடு பிளந்து, தாடையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. நெஞ்சோடு ஒரு துண்டுச் சுருட்டலை அணைத்துக்கொண்டிருந்தாள்.

பிரஷருக்கு யாரும் எதையும் விளக்கவேண்டியிருக்கவில்லை. ஷட்டரை இழுக்கும் இரும்புக் கம்பி கைக்கு வந்துவிட்டது.

"எங்க இருக்கான்?"

"கம்பியை வைண்ணா."

"எங்க இருக்கான்னு கேட்டேன்."

"அடிக்கணும்னா அப்புறம் போய் அடி. முதல்ல இதைத் திற. என் பாப்பா அவர்கிட்ட மாட்டியிருக்கா."

துண்டைப் பிரித்தாள். உள்ளே வெள்ளைக் கோடு போட்ட ஒரு கறுப்பு ஹார்டு டிஸ்க், வயரோடு.

தண்ணீர் குடிக்க வைத்த பிறகுதான் கதை வெளியே வந்தது. போன வாரமே டைல்ஸ்காரன் அவளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டான். குழந்தையைத் தன்னிடம் வைத்துக்கொண்டான். இவளுக்குப் புத்தி சரியில்லை, தானே சுவரில் முட்டிக்கொள்கிறாள், குழந்தையை இவளிடம் விட முடியாது என்று கோர்ட்டில் மனுவும் போட்டுவிட்டான். நாளைக்கு விசாரணை. அடித்தான் என்பதற்கு இவளிடம் வாய் வார்த்தையைத் தவிர எதுவும் இல்லை.

"ஒரு வாரமா எங்கடி இருந்தே?"

"கூட வேலை பார்த்த பொண்ணு வீட்டுல."

"ஏன், நான் செத்தா போயிட்டேன்? என்கிட்ட ஏன் வரலை?"

அவள் டிஸ்க்கைத்தான் அவன் பக்கம் நகர்த்தினாள்.

அந்த வீட்டில் நாலு மூலையிலும் கேமரா உண்டு. திருட்டுப் பயம் என்று டைல்ஸ்காரன் சொல்லியிருந்தான். உண்மையில் திருடனைப் பார்க்க அல்ல, பெண்டாட்டியைப் பார்க்க. வாசலில் யாரோடு நின்றாள், எதற்குச் சிரித்தாள் என்று கடையில் உட்கார்ந்தபடி போனில் பார்ப்பான். ரெக்கார்டர் பெட்டி ஹாலில், சோபாவுக்கு முன்னால் இருந்த குட்டை மேஜையின் கீழ்த்தட்டில் இருந்தது. அது பழைய பதிவுகளைத் தானே அழித்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் இந்தக் கறுப்பு டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வைத்தான். எப்போதோ சிரித்த சிரிப்பைப் போட்டுக் காட்டி இப்போது விசாரிப்பதற்கு அது வசதி. அடிக்கும் முன்னால் மட்டும் ரெக்கார்டரை நிறுத்திவிடுவான். டிவி சத்தத்தைக் குறைக்கிற மாதிரி அவ்வளவு நிதானமாக நிறுத்துவான் என்றாள்.

"அப்புறம் இதுல என்ன இருக்கும்?"

"ஒரே ஒரு நாள் நிறுத்தலை. அது மட்டும் இதுல இருக்கு. பெட்டியில இருந்ததை எல்லாம் அழிச்சிட்டாரு, இதை மறந்துட்டாரு."

இன்றைக்குக் காலை அவன் கடைக்குப் போயிருப்பான் என்று நம்பி, பழைய சாவியை வைத்துத் திறந்து டிஸ்க்கை எடுத்திருக்கிறாள். படியிறங்கும்போது எதிரே வந்துவிட்டான். துண்டுக்குள் என்ன என்றுகூடக் கேட்கவில்லை, வீட்டுக்குள் வந்ததற்கே விழுந்தது அடி. உருண்டு விழுந்தாள், டிஸ்க்கும் சேர்ந்து விழுந்தது. அங்கிருந்து ஓடி நேராகத் தன் வழக்கை எடுத்திருக்கும் வக்கீலம்மாவின் ஆபீசுக்குப் போனால், அங்கிருந்த குமாஸ்தா டிஸ்க்கைச் சொருகினார். கம்ப்யூட்டர் அதை ஏற்கவில்லை. உபயோகிக்க வேண்டுமானால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. அவர் விரல் சம்மதம் சொல்லப் போனது. இவள் வயரைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நல்ல வேலை பண்ணே" என்றான் பிரஷர். ஃபார்மட் என்றால் என்னவென்று தெரியாமலே ஆமாம் போடுகிறவர்களால்தான் அவன் கடையே ஓடுகிறது. அப்படி ஒருவர் தன் மகளின் கல்யாணப் படங்கள் மொத்தத்தையும் துடைத்துவிட்டு வந்து நின்றபோது, அவரைச் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளியவன் இவன். இன்றைக்கு அந்தக் குமாஸ்தா தூரத்தில் இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

கம்பியைச் சுவரோரம் சாத்தினான். கோபம் கையைவிட்டு இறங்கும்வரை அதைக் குழாயடியில் நனைத்துக்கொண்டு நின்றான்.

முதலில் வயரை மாற்றினான். இந்த டிஸ்க்குகளுக்குப் பாதித் தொல்லை வயரில்தான். பிறகு கம்ப்யூட்டரின் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்தில் சொருகினான். அங்கேதான் மின்சாரம் முழுசாக வரும். டிஸ்க் சுழல ஆரம்பித்தது. காதை வைத்துக் கேட்டான். சுழற்சிக்கு நடுவே, நகத்தால் மேஜையைத் தட்டுகிற மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம். அது நல்ல சத்தம் இல்லை. விழுந்த அடி உள்ளே பட்டிருக்கிறது.

திரையில் அதே கேள்வி வந்தது: ஃபார்மட் செய்யட்டுமா? வேண்டாம் என்று மூடினான். டிஸ்க் இருப்பது தெரிகிறது, உள்ளே நிரம்பியிருப்பதும் தெரிகிறது. ஆனால் என்ன பாஷையில் எழுதியிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குப் புரியவில்லை. பிரஷருக்குப் புரிந்தது. கேமரா ரெக்கார்டர்கள் தங்களுக்கென்று வேறு முறையில் எழுதும். இந்தக் கம்ப்யூட்டரின் விண்டோஸில் அதைத் திறக்கவே முடியாது. ஒரு பென் டிரைவில் வைத்திருந்த லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தைப் போட்டு மெஷினை மறுபடி கிளப்பினான். அங்கேயும் திறக்க மறுத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கியதில் கடைசியாக எழுதிய இடம் பாதியில் நிற்கிறது, அதைச் சரிசெய்தால்தான் திறப்பேன் என்றது. சரிசெய்வது என்றால் டிஸ்க்கில் எழுதுவது. அடிபட்ட டிஸ்க்கில் எழுதுகிறவன் முட்டாள்.

"முதல்ல அப்படியே ஒரு நகல் எடுக்கணும். இதுல ஒரு எழுத்துகூட எழுதாம, படிக்க மட்டும் விட்டு, வேற டிஸ்க்குக்கு. அப்புறம் நகல்ல என்ன வேணா பண்ணலாம்."

"எவ்வளவு நேரம்?"

"டிஸ்க் தாங்கினா சாயங்காலம் ஆகும். நீ உள்ள போய்ப் படு. நான் கூப்பிடுறவரைக்கும் தாழ்ப்பாளைத் திறக்காதே."

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை மேஜைமேல் வைத்து அதன்மேல் டிஸ்க்கைப் படுக்க வைத்தான். நகல் ஓட ஆரம்பித்தது. உள்ளே தட்டு சுழலும், அதற்கு மயிரிழை மேலே படிக்கும் முள் பறக்கும். நல்ல டிஸ்க்கே அப்போது இடி தாங்காது. இது ஏற்கனவே குற்றுயிர். மேஜை ஒரு தடவை குலுங்கினால் முள் தட்டில் உரசும், உரசின இடம் பொடியாகும், பாப்பா போய்விடுவாள். மேஜைக்கோ ஒரு கால் குட்டை. மடித்த அட்டையை அதற்கு அடியில் செருகிவிட்டு நிமிரும்போது வாசலில் நிழல் விழுந்தது.

"மச்சான்" என்றான் டைல்ஸ்காரன், வழக்கம்போல மெதுவாக. "என் வீட்டுல ஒரு பொருள் காணாமப் போயிருக்கு."

பிரஷர் மேஜைக்கு முதுகைக் காட்டி நின்றான். ஒரு பழைய கம்ப்யூட்டரின் தகர மூடி டிஸ்க்கை மறைத்தபடி நின்றிருந்தது. அவன் கண் சுவரோரக் கம்பிக்குப் போனது. ரெண்டே எட்டு. எடுத்தால் கதை முடிந்தது. ஆனால் கடை என்பது ஆள் நடமாடவே இடமில்லாத பொந்து. இவன் அடித்தால் அவன் சாய்வது இந்த மேஜைமேல்தான்.

"வெளிய போங்க மாப்பிள்ளை."

"உங்க தங்கச்சி இங்கதான் வந்திருப்பா. குடுத்திடுங்க. குடும்ப விஷயம்."

"வெளிய போன்னு சொன்னேன்."

முதல் அடி காதோடு விழுந்தது. டைல்ஸ் பெட்டிகளைத் தூக்கிப் பழகிய கை அது, கல்லைப் போல இருந்தது. பிரஷரின் தலைக்குள் மணியடித்தது. கை தானாக முஷ்டியானது. அதைப் பின்னால் கொண்டுபோய் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். டைல்ஸ்காரன் ஒரு கணம் பயந்து பின்வாங்கினான். ஊரே நடுங்கும் ஆள், திருப்பி அடிப்பான் என்று காத்திருந்தான். அடிக்கவில்லை. டைல்ஸ்காரன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"இவ்வளவுதானா நீங்க?"

அப்புறம் விழுந்ததெல்லாம் கண் மண் தெரியாத அடி. மூக்கு உடைந்தது. வயிற்றில் முழங்காலால் ஏற்றினான். பிரஷர் முன்பக்கமாக மடங்கினானே தவிர பின்பக்கம் சாயவில்லை, சாயக் கூடாது. கால்களை அகட்டி ஊன்றி, மேஜையை ஆடவிடாமல் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அடிக்கிறவன் குரல் அப்போதும் உயரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் "எங்க மச்சான்? எங்க?" என்று பொறுமையாகக் கேட்டான். இப்படித்தான் அவளையும் கேட்டிருப்பான் என்று தோன்றியபோது பிரஷருக்கு அழுகை வந்தது. வலியில் அழவில்லை, கொல்ல முடியாமல் அழுதான்.

முதுகுக்குப் பின்னால் டிக் டிக் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது.

டைல்ஸ்காரன் மூச்சு வாங்கியபடி சுற்றிலும் பார்த்தான். எதிர்ச் சுவர் அலமாரியில், வாடிக்கையாளர்கள் விட்டுப்போன செத்த டிஸ்க்குகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று கறுப்பு, அதே அளவு, அதே வெள்ளைக் கோடு. அவன் பார்வை அதில் நின்றதைப் பிரஷர் பார்த்தான். வாழ்நாளில் நடித்தே பழகாதவன், அன்றைக்கு நடித்தான்.

"அதைத் தொடாதே!" என்று கத்தினான். "கால்ல விழறேன், அதை மட்டும் தொடாதே!"

அவ்வளவு போதும். டைல்ஸ்காரன் அதை எடுத்துத் தரையில் அறைந்தான். செருப்புக்காலால் மிதித்தான். ஓடு பிளந்து, உள்ளேயிருந்த கண்ணாடி மாதிரியான தட்டு வெளியே வந்தது. அதைச் சுவரில் வீசினான். தகட்டை மிதித்து வளைத்தான். பெண்டாட்டியை அடித்ததுகூட இவ்வளவு ஆசையாக இருந்திருக்காது அவனுக்கு. சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, "கோர்ட்டுல பார்க்கலாம் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உள்ளறைக் கதவு திறந்தது. தங்கச்சி தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"லூசு, அது இல்ல" என்றான் பிரஷர். உடைந்த பல் ஒன்று வார்த்தையோடு வெளியே வந்தது. "நம்மளது ஓடிக்கிட்டு இருக்கு. பக்கத்துல வராதே, மேஜை ஆடும்."

வெளிச்சம் சாயும் நேரத்தில் நகல் முடிந்தது. சில இடங்களைப் படிக்க முடியவில்லை, மற்றதெல்லாம் வந்துவிட்டது. நகலைச் சரிசெய்து திறந்தான். தேதி தேதியாகக் கோப்புகள் விரிந்தன. பிரஷருக்கு உடம்பெல்லாம் ரணமாக இருந்தாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அப்பாவின் பெல்ட்டை முதுகில் வாங்கியவன் இன்றைக்கும் அவளுக்காக வாங்கியிருக்கிறான். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

"எந்தத் தேதி?"

தங்கச்சி சொன்னாள். "பாப்பாவுக்கு முதல் பல் விழுந்த அன்னைக்கு. மத்தியானம்." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

திரையில் நாலு கட்டம் வந்தது. வாசல், படிக்கட்டு, சமையலறை, ஹால். ஹாலில் மட்டும் மைக் இருந்தது. மற்ற மூன்றும் ஊமைப் படம். ஹாலில் டைல்ஸ்காரன் சோபாவில் இருந்தான். டிவியில் மேட்ச். பக்கத்தில் இன்னொரு ஆள், ரெக்கார்டர் பெட்டி இருந்த மேஜைமேலேயே காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, தட்டிலிருந்து எதையோ எடுத்து மென்றபடி இருந்தான். சட்டையை வைத்துத்தான் பிரஷர் அது யார் என்று கண்டுபிடித்தான். அந்தச் சட்டை இப்போதும் அவன் உடம்பில் ரத்தக்கறையோடு இருந்தது.

"உங்க தங்கச்சிக்கு வாய் நீளம் மச்சான்" என்றது டைல்ஸ்காரனின் குரல். "எவ்வளவு சொன்னாலும் ஏறவே மாட்டேங்குது."

"அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான் மாப்பிள்ளை. நீங்கதான் ரொம்ப இடம் குடுக்கிறீங்க. தட்டி வைக்க வேண்டிய இடத்துல தட்டி வைக்கணும்."

கல்யாணமே ஆகாதவன், குடும்பம் நடத்தும் விதத்தை வாய் நிறைய மென்றபடி சொல்லிக்கொண்டிருந்தான். டிவியிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

டைல்ஸ்காரன் சிரித்தான். மச்சானின் காலுக்குக் கீழே இருந்த பெட்டியை ஒரு முறை பார்த்தான், காலை எடுக்கச் சொல்லி அதை நிறுத்த மனமில்லாமல் விட்டுவிட்டான். "இதோ வந்துடறேன்" என்று எழுந்தான். அடுத்த கட்டத்தில், சமையலறையில், தங்கச்சியின் தலைமயிரைப் பிடித்து அலமாரி விளிம்பில் இடித்தான். அவள் கையில் கரண்டி இருந்தது, அதை விடவில்லை. மறுபடி இடித்தான். கீழே விழுந்தவளை விலாவில் உதைத்தான். கதவோரம் பாப்பா, பல் விழுந்த வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சமையலறையில் சத்தமே இல்லை. சத்தமெல்லாம் ஹாலிலிருந்து வந்தது: மேட்ச் கூட்டத்தின் ஆரவாரமும், பிரஷர் கை தட்டிச் சிரிக்கும் சிரிப்பும். அந்தச் சிரிப்புக்கு நடுவே அவள் எழ முயன்றாள், அவன் திரும்பவும் உதைத்தான்.

ஏதோ ஒரு பாத்திரம் உருண்டிருக்க வேண்டும். ஹாலில் இருந்தவன் தலையைத் திருப்பாமலே கேட்டான். "என்னது அங்க?"

"ஒண்ணுமில்லண்ணா" என்று எங்கிருந்தோ அவள் குரல் வந்தது. "மூடி விழுந்துடுச்சு."

"மெதுவாம்மா" என்றுவிட்டு அவன் இன்னொரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டான்.

பிரஷர் நிறுத்தினான். குழாயடிக்கு ஓடி வாந்தியெடுத்தான். இத்தனை வருஷம் தன்னைப் பற்றி நினைத்திருந்ததெல்லாம் அந்த ரத்தத் தண்ணீரோடு போவது போல இருந்தது. செத்துவிடலாம் என்று தோன்றியது. மேஜையைப் பிடித்து நின்ற கையை ஒடித்துப் போடலாம் என்று தோன்றியது.

"இதனாலதான் என்கிட்ட வரலையா?" என்று குழாயைப் பார்த்தபடியே கேட்டான்.

"இப்பவும் உன்கிட்டன்னு வரலைண்ணா" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை, களைப்பு மட்டும் இருந்தது. "இதைத் திறக்கத் தெரிஞ்சவங்க வேற யாரையும் எனக்குத் தெரியாது."

அவன் திரும்பிவந்து உட்கார்ந்தான். ஹால் சத்தத்தை எடுத்துவிட அவனுக்கு ஒரு நொடி போதும். அவள் கேட்டால்கூட, டிஸ்க் அடிபட்டதில் சத்தம் போய்விட்டது என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் வெட்டு விழுந்த படத்தை எதிர்த்தரப்பு ஒரே வார்த்தையில் தூக்கி எறியும். அவன் எதையும் தொடவில்லை. முழுக் கோப்பையும் அப்படியே வக்கீலம்மாவுக்கு அனுப்பினான்.

கொஞ்ச நேரத்தில் வக்கீலம்மா கூப்பிட்டார். போன் தங்கச்சி கையில் இருந்தது, ஆனால் அவர் குரல் சிறிய கடை முழுக்கக் கேட்டது.

"போதும்மா, இது போதும். குழந்தை உன்கிட்ட வந்துடும். ஹால்ல உக்காந்துக்கிட்டு அடிக்கச் சொல்லிக் குடுக்குதே ஒரு ஜென்மம், யார் அது? அந்த ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? தூண்டிவிட்டது அவன்தான்னு நானே கூண்டுல ஏத்திக் கேட்கணும்."

தங்கச்சி போனைக் காதிலிருந்து இறக்கினாள். பிரஷர் எழுந்துவந்து அவள் கையிலிருந்து போனை வாங்கினான்.

"நான்தாம்மா அது. அவளோட அண்ணன். வர்றேன்."

உதடு வீங்கியிருந்ததால் சொன்னது தெளிவாக விழவில்லை. "யாருன்னு சொன்னீங்க?" என்று வக்கீலம்மா மறுபடியும் கேட்டார். அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு இன்னொரு தடவை சொன்னான்.